மகேந்திரன் எழுதிய தெம்பு விதிகள்

செவ்வாய்க்கிழமை காலை. கோலாலம்பூரில் கோஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு மலையேறி வந்து, கோலா தெர்லாவில் லோரியை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நண்பர் மகேந்திரனின் மனைவி கமலாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, இன்னிக்கு வர வேணாம். அவரு காலையில எழுந்திரிக்கல."

முதல் வாக்கியம்தான் எனக்கு முதலில் புரிந்தது. வர வேண்டாம். அப்பாடா, இன்றைக்குத் தூங்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, நன்றாக ஒரு பெருமூச்சும் விட்டேன். இரண்டாவது வாக்கியம் புரிந்தபோது முகத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

இதை மறைத்துவிட்டு நண்பரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலான சிநேகிதம். அவர் இறந்த செய்திக்கு நான் முதலில் விட்டது நிம்மதிப் பெருமூச்சு. இவன் என்ன நண்பன் என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கமலாவிடம் இதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றும் தோன்றியது. அதற்கு முன், அவரைத் தெரியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மகேந்திரன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்தார். காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவதும், கொழுந்து மூட்டைகளை நிறுத்து எடையை எழுதுவதும் அவர் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நானும் அவரும் ஒரே பெஞ்சு. எங்களுக்குள் வாடா போடாதான். இங்கே 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவர் மகள் கோலாலம்பூரில் படித்துவிட்டு வேலைக்கு வெளிநாடு போனபோது ஒரு பெட்டியை வீட்டில் விட்டுப் போனாள். அதற்குள் பல முகம் கொண்ட பகடைகளும் தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, வீரன், மந்திரவாதி, திருடன் என்று அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். நினைத்தது நடக்குமா என்று பகடை சொல்லும். ஞாயிறு மத்தியானங்களில் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லைன் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நான்கு பேர் இதை விளையாட ஆரம்பித்தோம். அவர் கதை சொல்லி. நான், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற பார்வதி அக்கா, பிறகு கமலா. கமலா உட்கார்ந்து விளையாடியதே இல்லை. சமையலறையிலிருந்தே, "நான் அந்தப் பூதத்து கால கட்டிப்போட்டேன்!" என்று கத்துவார். அதுவும் செல்லுபடியாகும்.

புத்தகத்தில் மந்திரங்களுக்கு ஒரு விதி இருந்தது. காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், ஒரு முறை சொன்னதும் அது மறந்துபோகும். மகேந்திரனுக்கு இது பிடிக்கவே இல்லை.

"முப்பது வருசமா ஆளுங்கள பாக்குறேன்" என்றார். "சாயங்காலம் யாருக்கும் கொழுந்தெடுக்க மறந்துபோறதில்ல. கைதான் வர மாட்டேங்குது. மந்திரம் மட்டும் எப்படி மறக்கும்?"

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். புத்தக விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே ஒன்று எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் விடியும்போது இருபது தெம்பு. எல்லா மந்திரமும் எல்லா நேரமும் நினைவிருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உடம்பிலிருந்து தெம்பு போகும். விளக்கேற்ற ஒன்று, காயம் ஆற்ற மூன்று, மழையை நிறுத்த ஒன்பது. தூங்கினால் தெம்பு திரும்பும். நனைந்தபடி தூங்கினால் பாதிதான் திரும்பும்.

பார்வதி அக்கா எழுந்தே விட்டார். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீருக்கென்று எடையைக் கழிப்பது தோட்டத்து வழக்கம். அந்த எடையை வருடக்கணக்காகக் கழித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "கிராணி, விளையாட்டுலயுமா தண்ணிக்குக் கழிப்பீங்க? போதும் லா!" என்றார். மகேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு அந்த வரியை அங்கேயே அடித்தார். தன் அதிகாரத்தில் அவர் கழிக்காமல் விட்ட முதல் தண்ணீர் அதுதான் என்று பார்வதி அக்கா வெகுநாள் சொல்லிக் காட்டினார்.

புது விதியோடு விளையாடிய முதல் நாளே எங்கள் கூட்டம் மொத்தமும் செத்தது. காரணம் பூதம் இல்லை, நாங்கள்தான். மலையில் வேலை செய்தவர்கள் காலையிலேயே தெம்பைக் கொட்டிவிட மாட்டார்கள். கடைசி எடை வரைக்கும் கொஞ்சம் பிடித்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்கள் மூவரும் சாயங்காலத்துக்கு வேண்டுமே என்று மந்திரமே சொல்லவில்லை. கத்தியோடு மல்லுக்கட்டிய எங்களைப் பூதம் மத்தியானமே தின்றுவிட்டது. பார்வதி அக்கா கணக்கெழுதும் தாளில் இருபது தெம்பும் அப்படியே இருந்தது.

"அக்கா, இத எங்க கொண்டுபோகப் போறீங்க?" என்று கேட்டார் மகேந்திரன்.

"நாளைக்கு வேணாமா?" என்றார் அக்கா. நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

என் கோளாறு வேறு மாதிரி. ஆட்டத்தின் நடுவே மகேந்திரன், "எத்தனை இருக்கு?" என்று கேட்பார். இருப்பதைச் சொல்ல வேண்டும். நான் எப்போதும் கூட்டித்தான் சொல்வேன். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒருநாள் கையில் இரண்டை வைத்துக்கொண்டு பதினொன்று என்று சொல்லி மழையை நிறுத்தினேன். மகேந்திரன் என் தாளை எட்டிப் பார்த்தார். மழையும் நின்றது. அடுத்த கணம் என் ஆள் சுருண்டு விழுந்தான். மற்ற இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு மலை தாண்ட வேண்டியதாயிற்று. அதற்கே இரண்டு ஞாயிறு போனது. எனக்குக் கோபம். பொய்க்குத் தண்டனையா என்று சண்டை பிடித்தேன்.

"தண்டனை இல்லடா" என்றார். "ரெண்டுன்னு நீ சொல்லியிருந்தா அவங்க முன்னாடியே உட்கார்ந்து ஓய்வு எடுத்திருப்பாங்க. இப்ப அவங்களும் களைச்சிட்டாங்க பாரு."

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிசுக்குப் போக வேண்டும். அவரால் காடி ஓட்ட முடியாது, கமலாவுக்கு ஓட்டத் தெரியாது. நான் இருக்கும்போது என்ன கவலை என்று சொன்னேன். சொன்ன நாளில் மனதாரத்தான் சொன்னேன். இரவெல்லாம் காய்கறி லோரி ஓட்டிவிட்டு வந்து, முகம் கழுவி, காடியை எடுத்து, அவரை ஏற்றி, நான்கு மணி நேரம் வாசலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டு, மறுபடி லோரியில் சரக்கேற்றப் போவேன். முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் செவ்வாய், வியாழன், சனி என்ற பெயர்களைக் கேட்டாலே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது.

மகேந்திரன் தன் உடம்பைப் பற்றி எண்ணிலேயே பேசுவார். டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும், "இன்னைக்கு மூணுடா, நடக்க ஒண்ணு, பேச ரெண்டு" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எத்தனை?" என்பார். "பன்னெண்டு" என்பேன். எப்போது கேட்டாலும் பன்னிரண்டுதான்.

ஒரு வியாழக்கிழமை திரிங்காப் தாண்டும்போது, முன்னால் போன லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நான் கண்ணயர்ந்துவிட்டேன். ஸ்டியரிங் மேல் இருந்த என் கை மீது அவர் கை வந்து விழுந்தது. சத்தம் போடவில்லை. "ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"எத்தனை இருக்கு?"

"பன்னெண்டு."

"சரி, பன்னெண்டுக்காரரு சீட்ட சாய்ச்சுப் படுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் தூங்கினேன். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய மனுஷன் எனக்குக் காவல் இருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏன் இவ்வளவு தாமதம் என்று நர்ஸ் கடிந்துகொண்டார். "எனக்குத் தலை சுத்துச்சி மிஸி, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் மகேந்திரன்.

திரும்பும் வழியில், "உண்மைய சொல்லணும்னு விதி எழுதிட்டு நீயே புளுகுற" என்றேன்.

"அது ஆட்டம். இது தானா ராத்தா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து ஒரு புது விதி படித்தார். 'ஒருவரைத் தூக்கிச் செல்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு தெம்பு குறையும். தூக்கப்படுபவர் தினமும் அவரிடம் எத்தனை இருக்கிறது என்று கேட்க வேண்டும். சொல்லும் எண் உண்மையாக இருக்க வேண்டும்.' படித்துவிட்டு யாரையும் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து கமலாவின் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"குறிச்சிக்கிட்டேன்மா" என்றார் மகேந்திரன். அப்புறம் என் பக்கம் திரும்பினார். பார்வதி அக்காவும் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடியலடா, வாரத்துக்கு ஒரு நாளாவது வேறு யாரையாவது பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் அவர் நிச்சயம் வழி பண்ணியிருப்பார், அதற்காகத்தான் கேட்டார். எனக்கோ கோபம் வந்தது. "இதெல்லாம் எதுக்கு விதியா எழுதுற? ஆட்டத்த ஆடுப்பா" என்று எரிந்து விழுந்தேன். அவர் நோட்டை மூடிவிட்டுப் பகடையை உருட்டினார். அதற்கப்புறம் என்னிடம் அவர் எண் கேட்கவில்லை. காடியில் ஏறினால் மழையைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசினார். ஐந்து மாதம் அப்படிப் போனது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, குத்தலாகவும் இருந்தது.

அடக்கம் புதன்கிழமை முடிந்தது. மகள் வந்து காரியங்களைப் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் நான் கமலாவைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமை என்பதால் கால் தானாக அந்த நேரத்துக்கே கிளம்பிவிட்டது. மகள் ஏதோ பத்திரத்துக்காகத் தானா ராத்தா போயிருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்போதுதான் எழுந்து போனார்கள். வருகிற ஒவ்வொருவரோடும் கமலா புதிதாக அழ வேண்டியிருந்தது. அது நம் வழக்கம். நான்கு நாளாக அழுது அழுது அவர் முகம் ஊதிக் கிடந்தது. எனக்குத் தேநீர் போடப் போனவரைத் தடுத்து உட்கார வைத்து, நானே இரண்டு கிளாஸ் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"நீ வர வேணாம்னு சொன்னதும் மொதல்ல எனக்கு நிம்மதியா இருந்துச்சிம்மா. இன்னைக்குத் தூங்கலாம்னு நெனச்சேன். அப்புறந்தான் அவன் போயிட்டான்னே புரிஞ்சுது. என்ன மன்னிச்சிடு."

கமலா தேநீரை வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"எழுப்பிப் பாத்தேன், எழுந்திரிக்கல" என்றார் கடைசியில். "உடம்பு ஜில்லுனு இருந்துச்சி. நான் மொதல்ல என்ன செஞ்சேன் தெரியுமாண்ணே? மாத்திரை டப்பாவ மூடி அலமாரில வச்சேன். இனிமே வேளை வேளைக்குப் பிரிச்சிப் போட வேணாம்னு. வச்சிட்டு வந்துதான் அழுதேன். இத யார்கிட்டயும் சொல்லல."

என் கிளாசைக் கீழே வைத்தேன்.

"நாம கெட்டவங்களாண்ணே?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. "ரொம்பக் களைச்சிட்டோம். அது மட்டும் தெரியுது."

"ஆமா" என்றார் கமலா. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். கையிலிருந்த கிளாஸ் சாய்ந்துகொண்டிருந்தது. அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தினேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கீழ் லைனிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சாவு வீட்டு வாசலில் வந்தவர்களை மறிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். "தூங்குறாங்க, சாயங்காலமா வாங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு தோட்டத்துத் துரையே பழக்கூடையோடு வந்தார். "கமலா தூங்குது துரை, அப்புறமா வாங்க" என்றேன். முப்பது வருடம் உழைத்த கிராணியின் வீட்டு வாசலில் ஒரு லோரிக்காரன் மறிக்கிறானே என்று அவர் நினைத்திருக்கலாம். கூடையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். பார்வதி அக்கா வந்தார். என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் வந்தவர்களை அக்காவே திருப்பி அனுப்பினார். அவர் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் அன்று ஒன்றும் சொல்லாமல்தான் வந்தேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். மகேந்திரா, கமலா மூன்று மணி நேரம் தூங்கினார். நானும் பார்வதி அக்காவும் யாரையும் உள்ளே விடவில்லை. உன்னை வழியனுப்ப எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.