கிழங்குக்குச் சூடு ஆகாது

தெருவில் எல்லாரும் அவளை வேன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவாள். நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கையகலத் தோட்டத்துக்கு. அங்கே அவள் வளர்ப்பது கிழங்கிலிருந்து முளைக்கும் கிளாடியோலஸ் பூச்செடி மட்டும்தான். உறைபனி விழுந்தால் மண்ணுக்குள் கிழங்கு அழுகிவிடும். அதனால் இலை பழுத்ததும் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, நிழலில் காயவைத்து, அடியில் ஒட்டியிருக்கும் போன வருஷத்துச் சுருங்கல் கிழங்கைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் காகிதப் பைகளில் கட்டிவைப்பாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவள் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று அச்சகத்தில் வேலை பார்க்கும் புருஷன் கிண்டலடிப்பான்.

இந்த வருஷம் ஒரு பை அவளுக்கு உயிர். அவளிடம் இருந்த ஒரே கருஞ்சிவப்புப் பூச்செடி பட்டுப்போனபோது, அதன் அடியில் கிடைத்த மிளகளவு குஞ்சுக் கிழங்குகளை நட்டும் எடுத்தும் வருஷக்கணக்காக ஆளாக்கியிருந்தாள். வரும் கோடையில்தான் அவை முதல்முதலாகப் பூக்கும்.

கிழங்கு தூங்கக் குளிர் வேண்டும், ஆனால் உறையவும் கூடாது; சூடு பட்டாலோ காலத்துக்கு முன்னே முளைத்து வீணாகிவிடும். வீட்டில் அதற்கு லாயக்கான இடம் ஆள் புழங்காத பின்னறை அலமாரிதான். அந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்தாள் புருஷனின் அக்கா, ஒரு மாசம் இருந்துவிட்டுப் போக.

அண்ணி என்று இவள் கூப்பிடும் அவளுக்குக் குளிர் ஆகாது. நாக்கும் கொஞ்சம் நீளம். கிழங்குக்காக ஹீட்டர் போடாதீர்கள் என்று சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று பயந்து, வேன்காரம்மா வாயைத் திறக்கவே இல்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அண்ணி குளிக்கப் போனால் ஹீட்டரை அணைப்பாள்; சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பாள். அண்ணி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு பொதிமூட்டை மாதிரி நடமாடினாள்.

"ஹீட்டர் பழசு, தானா அணைஞ்சிடுது, அண்ணி" என்று வேன்காரம்மா கூசாமல் புளுகினாள்.

ஒரு மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு வந்தால், அண்ணியின் பெட்டி வாசலில் நின்றது. பக்கத்தில் அண்ணி, மூக்கு சிவந்து.

"என்ன அண்ணி, எங்கே கிளம்பிட்டீங்க?"

"நான் வந்தது பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே. நீ ஜன்னலைத் திறக்கிறதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அலமாரி வேற பூட்டு. நான் என்ன திருடியா?"

வேன்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தாள். கருஞ்சிவப்புப் பையை அவிழ்த்துக் காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணி ஒரு கிழங்கை எடுத்தாள். அதன் தலையில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. வேன்காரம்மாவின் முகம் செத்துப்போனது.

"இந்தச் சுண்டைக்காய்க்காகவா என்னை விறைக்க வைச்சே?"

"மன்னிச்சிடுங்க, அண்ணி."

"அழாதே. ஒண்ணுதான் முளைச்சிருக்கு, மத்ததெல்லாம் தூங்குது பாரு." அண்ணியே போய் ஹீட்டரை அணைத்தாள். "என் படுக்கையை ஹால்ல போடு."

சாயங்காலம் புருஷன் வந்தபோது, டிவிக்கு எதிரே அவன் சாய்ந்துகொள்ளும் இடத்தில் அக்கா கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கு அக்கா இங்கே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பூக்கிற வரைக்கும். இவ்வளவு நடுங்கிட்டுப் பூவைப் பார்க்காம போவேனா?"

அவன் உதவிக்கு மனைவியைப் பார்த்தான். அவள் அண்ணியின் பெட்டியைக் காலி செய்து, துணிகளைத் தன் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.