செக்‌ஷன் மாற்றப்பட்ட பிள்ளை

எங்கள் முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சியை ஆகா ஓகோ என்று புகழ்கிறவர்கள் யாரும் அவரிடம் வேலை பார்த்ததில்லை. நான் பதினெட்டு வருஷம் பார்த்தேன். தி.நகரில் மூன்று மாடித் துணிக்கடை. அந்த மண்டைக்குள் மொத்தமே ஒரு யோசனைதான்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விற்பனையாட்களைச் செக்‌ஷன் மாற்ற வேண்டும். பட்டுச் சேலையில் நிற்பவனைத் தூக்கித் துண்டு, ஜமுக்காளத்தில் போடுவார். வாடிக்கையாளர் கடையோடுதான் ஒட்ட வேண்டுமாம். ஆளோடு ஒட்டினால் ஆள் போகும்போது அவரும் போய்விடுவாராம்.

துணிக்கு அது சரி என்றே வைத்துக்கொள்வோம். மனுஷன் அதைப் பேரனுக்கும் செய்தார்.

மகன் ராம்குமாரும் மருமகள் தாரணியும் காலையிலிருந்து கடையிலேயே கிடப்பார்கள். மந்தைவெளி வீட்டில் ஐந்து மாதப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருவல்லிக்கேணியிலிருந்து அஸ்மத்துன்னிசா வந்தாள். இரண்டே மாதம். அவள் குரல் கேட்டால் பிள்ளை சிரிக்கும். அவள் அந்தப் பக்கம் நகர்ந்தால் அலறும். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை வேலைக்காரியிடம் ஒட்டுகிறது என்று அவளை நிறுத்திவிட்டார்.

போகும்போது அவள் சொன்னதைத் தாரணியே கடையில் எங்களிடம் சொன்னாள்.

"பால் குடுக்குறதால மட்டும் கொயந்த ஒட்டிக்காதும்மா. அய்தா யாரு ஓடியாருவாங்கன்னு அதுக்குத் தெரியணும். அந்த ஒரு ஆளு கீதுன்னாதான் அதுக்குத் தெகிரியம். ஆள மாத்திக்கினே இருந்தீங்கன்னா அய்வுறதயே வுட்டுடும்."

மாமனார் முன்னால் தாரணிக்கு வாய் வராது. ராம்குமாரோ அப்பாவைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். நல்ல பெற்றோர்!

பிறகு ஒருத்தி வந்தாள், அவளை அனுப்பிவிட்டு இன்னொருத்தி. நான்காவது ஆள் வந்தபோது பிள்ளை உண்மையிலேயே அழுகையை விட்டுவிட்டது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடம் கொடுத்தாலும் போகிறான், ஒரு தொந்தரவு கிடையாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். தூ, இதுவும் ஒரு பெருமை.

முதல் பிறந்தநாளுக்கு எங்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி தூக்கிப் போட ஆள் வேண்டுமே. டீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை வழுக்கி விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம். சுற்றிலும் நாற்பது பேர். அது ஒருவரையும் தேடவில்லை, அழவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியளா, அழுதானா? எம் பேரன்லா" என்றார் அண்ணாச்சி.

தாரணி விழுந்தடித்து ஓடிவந்தாள். "அம்மாகிட்ட வாடா கண்ணா" என்று கையை நீட்டினாள். மறுக்காமல் வந்தது. அவள் தோளில் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு, ஆள் மாற நேரமாகிவிட்டது என்பதுபோல, எதிரே நின்ற என்னிடம் இரண்டு கைகளையும் நீட்டியது.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.