மீன் எண்ணுகிற வேகம்

ஸ்கேன் அறை வாசலில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள், சக்கர நாற்காலியில், கையில் ஊசி செருகியபடி. அவள் தம்பி இருந்தான். நர்ஸம்மா ஒருவர் இருந்தார். வேறு யாரும் இல்லை. பிள்ளைகளைக் கடலூரில் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் குடிவந்த அடுத்த வருடம் அது. இருமினால் அவளுக்கு ரத்தம் வரும். மூன்று வருடமாக வந்து வந்து நின்றதுதான். அந்தத் தடவை நிற்கவில்லை. சிதம்பரத்தில் பெரிய டாக்டர் பார்த்தார். இடது நுரையீரலில் அடிப்பாகம் கெட்டுவிட்டது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்க வேண்டும். படம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார். படம் எடுக்கும்போது பதினைந்து நொடி மூச்சை நிறுத்த வேண்டும். இருமினால் கலங்கிவிடும்.

வீட்டில் நான்தான் பழக்கினேன். அவள் மூச்சை இழுத்து நிறுத்துவாள். நான் எண்ணுவேன். கரையில் மீன் எண்ணிக் கூடையில் போடுவது என் வேலை. நாங்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை, லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. இருபதுவரை நின்றாள். போதும் என்றேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது.

"மூச்சப் பாதியில விட்டுட்டாங்க. படம் கலங்கிடுச்சு," என்றார் நர்ஸம்மா. "படத்துக்கான மருந்து ஏத்தியாச்சு. இன்னைக்கு மறுபடி ஏத்த முடியாது. அடுத்த வாரம் வாங்க."

"வீட்டுல இருபது நின்னாளே."

"எதப் பாத்து எண்ணுனீங்க?"

மச்சான் சிரித்துவிட்டான்.

"எங்க மாமா மீன் எண்ணுற வேகத்துல எண்ணியிருப்பாரு சிஸ்டர். ஒரு நிமிஷத்துக்கு நூத்தம்பது மீனு."

அவளை வெளியே தள்ளிவந்தார்கள். "மருந்து ஏத்துனதும் ஒடம்பெல்லாம் சூடா எறங்குச்சுங்க. ஒண்ணுக்குப் போயிட்டேன்னே நெனச்சேன்," என்றாள். பஸ்ஸில் முந்தானைக்குள் இருமினாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மச்சான் தன் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தான். நொடி முள் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. முதல் நாள் ஏழில் இருமினாள். மறுநாள் ஒன்பது.

"முன்ன மாதிரியே எண்ணுங்களேன்," என்றாள்.

அப்படி எண்ணவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். ஆறாம் நாள் பதினாறு.

இரண்டாம் தடவை சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. இருமல் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். நுரையீரல் தெரியவில்லை, குழாய்கள் மட்டும். சிவப்பும் நீலமுமாக, உப்பங்கழி ஓரத்துச் சுரபுன்னை வேர் மாதிரி. அவர் கையை நகர்த்த நகர்த்த அது சுழன்று முதுகுப்பக்கத்தைக் காட்டியது.

"கெட்டுப்போன எடத்துக்கு நாலு போவும்னு நெனச்சேன். பின்னாடி பாருங்க, அஞ்சாவது ஒண்ணு. வயித்துல இருக்கற பெரிய ரத்தக்குழாயிலேருந்து நேரா மேல வருது. சில பேருக்குப் பொறவியிலயே இருக்கும். தெரியாம அறுத்திருந்தா ரத்தத்த நிறுத்தியிருக்க முடியாது."

சரி என்றேன். இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மச்சான் டீ வாங்கிவந்தான். கையிலேயே ஆறிப்போனது. மதியம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார்.

"எடுத்தாச்சு. கண்ணு முழிச்சிட்டாங்க."

"எல்லாக் குழாயையும் கட்டியாச்சா சார்?"

"கட்டியாச்சு."

"எண்ணிச் சொல்லுங்க சார். மெதுவா."

"சும்மா இருங்க மாமா," என்றான் மச்சான்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார். நானும் கூடவே எண்ணினேன். லாபம் என்று தொடங்கவில்லை.

ஐந்து.