கடலுக்குப் பதில் தேக்கடி

குடையை எடுத்துப் போவதில்லை என்ற முடிவை ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு எடுத்தேன். சின்னமனூரில் அப்போது யாரும் விழித்திருக்கவில்லை. ஆகவே எதிர்ப்பு எழவில்லை.

பயணம் எனக்காக அல்ல, மச்சானுக்காக. என் மனைவியின் அண்ணன். கடைமடையில் இரண்டாம் போகம் கருகிய தையிலிருந்து ஏழு மாதமாக வாய் திறக்கவில்லை. சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார், படுப்பார். "தீபாவளிக்குள்ள பேசலேன்னா கோயில்ல கொண்டுபோய்க் கட்டிப் போட்டுருவோம்னு பெரியண்ணன் சொல்லிட்டாக" என்று மனைவி அழுதாள்.

பெரியகுளத்து டாக்டர் பத்து நாள் கப்பல் யாத்திரை எழுதிக் கொடுத்தார். கடலில் ஜப்பான்காரன் இருக்கிறானே என்றேன். யோசித்து, கடலை அடித்துவிட்டு ஏரி என்று திருத்தினார்.

ஆறு மணிக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ். கம்பம் பதினாலு மைல், அங்கிருந்து குமுளி இன்னொரு பதினாலு. ஆளுக்குப் பன்னிரண்டணா. கூடலூர் தாண்டி மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்கியது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம்.

"வாத்தியாரே, தள்ளச் சொன்னா தடவிக் குடுக்குறீக!" என்றார் கண்டக்டர்.

மச்சான் மட்டும் பேசாமல் தள்ளினார். அவர் தள்ளியதில்தான் வண்டி ஏறியது.

குமுளிச் சுங்கச் சாவடியில், அரிசி கடத்துகிறோமா என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் தின்று பார்த்தார்கள். கடத்தல் இல்லை என்று உறுதிப்பட இன்னொரு வாய் தேவைப்பட்டது. பிறகு படகுத்துறைக்கு இரண்டரை மைல் நடை, மழையில்.

படகோட்டி குஞ்ஞன் பழைய ஜமுக்காளத்தைப் பாயாகக் கட்டியிருந்தார். பதினொன்றரைக்குக் காற்று பிடித்தது. எங்கும் தண்ணீர், நடுவே பட்ட மரங்கள், கரையில் மூன்று யானைகள். டாக்டர் சொன்னபடி, "மச்சான், மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றேன். அவர் யானையைப் பார்க்கவில்லை. படகில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். கழி முழுவதும் போயிற்று, தோள்வரை கையும் போயிற்று. தரை தட்டவில்லை.

"எத்தனை அடி நிக்கிது?" என்றார் மச்சான்.

எனக்குக் கண் கலங்கியது. குஞ்ஞனுக்கு இது ஏழு மாதத்து முதல் சொல் என்று தெரியாது. "நூறு அடி காணும் சேட்டா" என்றார் பெருமையாக.

"நூறு அடியா?" மச்சான் எழுந்தார். படகு சாய்ந்தது. "இங்கன நூறு அடி கெடக்கு, எங்க மடையில தவளை காஞ்சு கெடக்குதுடா! எவன்டா அங்கன அடைச்சு வச்சது? மேமடைக்காரனுக்கு மட்டும் மூணு போகமா?"

"சேட்டா, இரிக்கு! வள்ளம் மறியும்!" படகு கவிழுமே என்று குஞ்ஞன் கத்தினார்.

"மறியட்டும்லே! தண்ணி எங்க ஊருக்குத்தானே போகணும்?"

ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினார். யானைகள் போய்விட்டன. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் தொடர்ந்தார்; இறங்கும்போது கண்டக்டரும் கடைமடைக் கட்சி. அன்றிரவு மனைவி அண்ணனுக்கு இரண்டு தோசை அதிகமாகச் சுட்டாள்.

இதே சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: நோயாளியைப் படகின் நடுவில் உட்கார வையுங்கள். புளிச்சோற்றை இரண்டு பங்காகக் கட்டுங்கள். அமைதி வேண்டுமென்றால், அவரவருக்குச் சம்பந்தமில்லாத தண்ணீராகப் பார்த்துப் போவது நல்லது. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படித் தண்ணீர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம், வாய்க்கால் ஷட்டரைத் தானே தூக்கியதற்காக மச்சானுக்குப் பெரியகுளத்தில் பதினைந்து நாள் சிறை. கடைமடையில் அந்தப் போகம் விளைந்தது.