இரும்பு வைத்த உடம்பு

ஊர்க் கண்மாய் உடைந்து மிளகாய்ச் செடியெல்லாம் வேரோடு மிதந்ததே, அந்த மார்கழியில்தான் என் நெஞ்சில் மிஷின் வைத்தார்கள். ஆடு மேய்க்கப் போன இடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தேன். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே கீறி, தீப்பெட்டி அளவில் ஒன்றைப் புதைத்துத் தைத்தார்கள்.

அன்றிலிருந்து போன் வலது பையில். முட்டுகிற கிடாவுக்கு இடது பக்கம் காட்டுவதில்லை. ரயிலடியில் சோதனை வாசல் வந்தால் சுருக்குப்பையிலிருந்து ஆசுபத்திரியில் கொடுத்த மிஷின் அட்டையை எடுத்து நீட்டுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. போலீஸ்காரர் வாசித்துவிட்டு, "சுத்திப் போங்க தாத்தா" என்பார்.

மாசி சிவராத்திரிக்கு வேன் பிடித்துக் குலசாமி கோயிலுக்குப் போவோம். சாமியின் அருவாள், சலங்கை எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். பங்காளிகளில் மூத்தவன் அதைத் தலையில் சுமந்து கோயிலுக்கு நடக்க வேண்டும். பதினெட்டு வருசம் நான் சுமந்தேன். ஒரு வருசம் காலம் தப்பிப் பெய்த மழையில் கரிசல் முழங்கால் வரைக்கும் அப்பியது. செருப்பு போனது, வேட்டி போனது மாதிரிதான். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், எனக்கு அடுத்த மூத்தவனான சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன்.

"ஏலே தம்பி, இந்த ஒரு வருசம் மட்டும் நீ தூக்குலே."

"சரிண்ணே. ஒம் பெட்டி எங்கயும் போயிராது."

அடுத்த சிவராத்திரிக்குத் துண்டைச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினேன். தம்பிக்காரன் எல்லார் முன்னாலும் மறித்தான்.

"கோவிச்சுக்கிடாதண்ணே. ஒடம்புக்குள்ள இரும்பு வச்சவன் பெட்டியத் தொடக்கூடாதுல்லா."

"பெட்டிக்குள்ள இருக்க அருவா என்ன, மண்ணுலயா செஞ்சிருக்கு?"

"அது சாமி இரும்பு. இது ஆசுபத்திரி இரும்பு."

என் மருமகன் முன்னால் எல்லாரும் சிரித்தார்கள். பங்காளிகள் அதையே முறையாகவும் வைத்துவிட்டார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன்.

போன ஐப்பசியில் அவன் புதூர் ரோட்டில் பைக்கோடு விழுந்தான். தொடையெலும்பில் கம்பி வைத்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன்.

"கம்பி நல்லாத் தெரியுதுலே" என்றேன். அவன் முகம் செத்துப்போனது.

தை மாதப் பங்காளிக் கூட்டத்தில் அவனே கம்பை ஊன்றி எழுந்தான். "காலம் மாறிப்போச்சு. அந்த முறைய எடுத்துருவோம். இந்த வருசம் அண்ணன் தூக்கட்டும், அடுத்த வருசம் நான் தூக்குதேன்."

"நீ என்னப்பா சொல்லுத?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்.

சரி என்ற ஒரு சொல்லில் பெட்டி என் தலைக்குத் திரும்ப வந்திருக்கும்.

"முறைன்னா முறைதான். நானும் தொடல, அவனும் தொடக்கூடாது."

பெட்டி மூன்றாவது பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் குடித்த கஞ்சி ருசி, கல்யாணச் சாப்பாட்டிலும் கண்டதில்லை.

எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. அந்தப் பக்கம் போனால் நீங்கள் சொல்லுங்கள். மிஷினைச் சோதித்துப் பார்த்தாயிற்று, பாட்டரி இன்னும் பல வருசம் வருமாம். அத்தனை சிவராத்திரிக்கும் நான் வேனில் வருவேன், அவன் வெறுந்தலையோடு நடப்பதைப் பார்க்கவே வருவேன் என்று சொல்லிவிடுங்கள்.