மஞ்சள் தாளில் ஜப்பான் எழுத்து

எழுபதுகளின் பிற்பகுதியில் மெல்பேர்னில் நாங்கள் வாங்கிய முதல் கார் ஒரு ஜப்பான் கார். அதில் புதினம் எதுவும் இல்லை. கிளேட்டனில் எங்கள் தெருவிலேயே அதே கார் மூன்று நின்றன. ஆனால் அவை இந்த நாட்டுக்கென்று செய்து அனுப்பியவை. எங்களுடையது ஜப்பான்காரர் தங்கள் நாட்டுத் தெருக்களுக்கென்று செய்தது. என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்திருந்தார். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி விற்றார். மலிவாகக் கிடைக்கிறது என்றால் நான் எதையும் நம்புகிற ஆள்.

எல்லாம் ஒன்றாக இருக்கவில்லை. பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லாமல், முன்னே எஞ்சினை மூடும் பொனற்றின் இரண்டு ஓரங்களிலும் நின்றன. வேகம் நூறைத் தாண்டினால் உள்ளே எங்கிருந்தோ மணி அடிக்கும். முதல் தடவை அது அடித்தபோது எஞ்சின் வெடிக்கப்போகிறது என்று நடுங்கிப்போய்க் காரை ஓரங்கட்டினேன். அது அந்த நாட்டுச் சட்டம் என்று விற்றவர் பிறகு சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இனி இந்தக் காரில் எதைக் கண்டும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முன் ஆசனத்தில், வெயில் மறைக்கும் தட்டை இறக்கினால் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து.

"இஞ்சாருங்கோ, இதில என்ன எழுதியிருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"பெல்ட் போடச் சொல்லி."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"ஓம், ஓம். இதென்ன பெரிய விசயமே?" என்றேன்.

அந்தக் காலத்தில் மெல்பேர்னில் கார் பூசைக்குப் போக ஒரு கோயில் இல்லை. மலை இருந்தால் முருகன் இருப்பார் என்பது மனைவியின் கட்சி. இங்கே கடும் கோடையான தை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒரு மணி நேர ஓட்டத்தில் இருந்த ஒரு குன்றுக்குப் போனோம். ஏழு மாத மகள் பின் ஆசனத்தில், கூடைக்குள் நித்திரை. இரண்டே கதவுகள் உள்ள கார். பின்னால் கை வைக்கவேண்டுமானால் முன் ஆசனத்தை மடக்க வேண்டும். நெடுக ஏற்றம். மேலே போய், முழங்காலளவு காய்ந்து நின்ற புல்லின் மேல் காரை விட்டேன். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை.

வெளியில் நெருப்பு மூட்டவே கூடாது என்று அன்று காலை றேடியோவில் சொல்லியிருந்தார்கள். கற்பூரம் வேண்டாம் என்றேன். "கற்பூரம் இல்லாமல் என்ன பூசை? சின்னத் துண்டுதானே" என்றாள். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கல்லில் தேங்காய் உடைத்து, பித்தளைத் தட்டில் கற்பூரம் கொளுத்தி மூன்று தரம் சுற்றி, மூடியால் அணைத்தாள். இருவரும் குன்றைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடினோம்.

புகை மணத்தது. கற்பூரம் என்று நினைத்து மூடிய கண்ணைத் திறக்காமல் நின்றேன். பிறகு மணம் மாறியது. திரும்பிப் பார்த்தால் காருக்கு அடியிலிருந்து புகை, அதற்குள் சிவப்பாக நெருப்பு.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஆசனத்தை மடக்கும் பிடியைக் கை தேடியது, அகப்படவில்லை. தினமும் மடக்குகிற ஆசனம்! காலில் அனல் அடித்தது. மகள் விழித்து வீரிட்டாள். மனைவி மற்றப் பக்க ஜன்னலால் தலைகீழாக உள்ளே விழுந்து, இரண்டு ஆசனங்களுக்கும் நடுவால் கூடையை இழுத்து என்னிடம் தள்ளினாள். "பிடியுங்கோ! பிடியுங்கோ!" பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே மனைவி இருக்கிறாள் என்ற நினைவே எனக்கு வரவில்லை. நின்று திரும்பியபோது அவள் தானாகவே வெளியே வந்து, கருகிய சேலைத் தலைப்பைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள்.

புகையைக் கண்டு பக்கத்துப் பண்ணைக்காரர் தண்ணீர்த் தொட்டி வைத்த ட்ரக்கில் வந்து அணைத்தார். காரின் அடியும் ஒரு பக்கமும் கறுத்திருந்தன. யார் நெருப்பு வைத்தது என்று கேட்டார். நான் மனைவியைக் கைகாட்டினேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளை மரியாதையாக 'நீர்' என்றே பேசி வந்தவன், "பிள்ளையைக் கொல்லப் பாத்தியேடி!" என்று கத்தினேன். பண்ணைக்காரர் தட்டையும் தேங்காயையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கார் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வாசலில் ஒரு கார் நின்றாலே பொலிஸோ என்று ஜன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். பொலிஸ் வரவேயில்லை. மனைவி சாமி விளக்கைக்கூடக் கொளுத்துவதை நிறுத்தி, நெருப்புப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டாள். நித்திரையில் கிடக்கும் பிள்ளையின் மூக்கருகே அடிக்கடி கை வைத்துப் பார்ப்பாள். "நான்தானே" என்று தனக்குள் சொல்லுவாள். 'இல்லை' என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த ஜப்பான்காரர் ஒருவரை, திருத்தி எடுத்த அதே காரில் ரயில் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வெயிலுக்காகத் தட்டை இறக்கியவர் தாளைப் பார்த்து, இதை வாசித்தாயா என்று கேட்டார். பெல்ட் விசயம்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதே, தீப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறது என்றார். அவர்கள் நாட்டில் கார்ப் புகைக்குப் புதுச் சட்டமாம். புகையைச் சுத்தமாக்கக் காருக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கிறார்களாம். ஓடி வந்து நின்றால் அது அடுப்புப்போலக் கொதிக்குமாம். இந்த நாட்டுக்கு அனுப்பும் கார்களில் அந்தப் பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. ரயில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய சந்தியைத் தவறவிட்டேன். நெருப்பைக் கண்ட அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. இனி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப கற்பூரம் இல்லையோ?"

"இல்லை."

"வாசிக்கத் தெரியும் எண்டனீங்களே?"

அவள் சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. கை நீட்டி நெருப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் போனாள். குச்சியை எடுத்தவள் உரசாமல் நின்றாள்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில போய் நில்லுங்கோ" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அது கற்பூரத்தால் வந்த நெருப்பில்லை என்று அவளுக்கு இப்போது தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் மகளை அள்ளிக்கொண்டு வாசல் படலையடி வரைக்கும் போய், அவள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.