ரெண்டு டிக்ரி மேல

அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை.

எங்கள் தீவில், விடியலில் கராச்சர்மாவில் பஸ் பிடித்து, படகில் எதிர்க்கரைக்குப் போய், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மலையேறி, பகலில் பறக்கும் ஒரு நீல அந்துப்பூச்சியை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவள் நான். சூடு கூடக் கூட அது கீழ்க்காட்டை விட்டு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. அதை முதலில் கவனித்தவளும் நான்தான். அதைப் பற்றி எழுதும் அறிக்கையில் என் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

என் மேலதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்தவர். மலையேற மாட்டார், மூச்சு வாங்குமாம். மழையில் காகிதம் தாங்காது என்பதால் பார்த்ததையெல்லாம் போனில் பேசி அனுப்புவேன். அவர் டவுனில், மின்னி பே வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டு எழுதுவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அறிக்கை தயாரானதும் காட்டினார். என் பெயர் எங்கேயும் இல்லை.

"சார், என் பேரு?"

"நீங்க லோக்கல் ஆளும்மா. காட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குத்தான் சம்பளம் தர்றாங்களே. ஆராய்ச்சிங்கறது வேற."

பக்கத்தைப் புரட்டினேன். பூச்சி வாழும் இடத்தில் வெப்பம் இரண்டு டிகிரி உயர்ந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். தூக்கிவாரிப்போட்டது. எங்களிடம் வெப்பமானியே கிடையாது.

அப்புறம்தான் விளங்கியது. இங்கே குன்றை டிக்ரி என்போம். வங்காளியோ தெலுங்கரோ நாமோ, தீவில் எல்லார் வாயிலும் அந்த ஹிந்திச் சொல்தான். "போன வருஷத்தவிட ரெண்டு டிக்ரி மேல" என்று நான் போனில் சொன்னது அவர் காதில் டிகிரியாக விழுந்திருக்கிறது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகாராசன்.

"நல்லா வந்திருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மீன் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அறிக்கையை வெளியிட்ட கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தீவுக்காரர்கள். அவர் அந்த இரண்டு டிகிரியைத் திரையில் போட்டு நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். முன்வரிசையில் இருந்த வயதான வங்காளி வன அதிகாரி, எந்தக் கருவி வைத்து அளந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். இவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அளந்தது இவங்கதான். சொல்லுங்கம்மா."

பேர் அவருக்கு, பழி எனக்கு. எழுந்து நின்றேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே சொன்னேன்: "நான் எதையும் அளக்கவில்லை, நடந்தேன். பூச்சி தோ டிக்ரி ஊப்பர் போய்விட்டது என்று போனில் சொன்னேன். சார் அதை டிகிரி என்று எழுதிவிட்டார்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த வங்காளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

வெளியே வந்ததும் சார் என்னை மறித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் லோக்கல் ஆளு சார். ஆராய்ச்சியப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

திருத்திய அறிக்கையில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவர் மெயின்லேண்டுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பூச்சி இந்த வருடம் இன்னும் ஏறிவிட்டது. அதற்கு மேலே ஒரே ஒரு டிக்ரிதான் பாக்கி, அப்புறம் வெறும் வானம். மலையில் நின்றபடியே அதையும் போனில் பேசி அவருக்கு அனுப்பினேன். கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.